டிக்ரி கையில், பணம் எங்கே?
சொத்து இல்லை என்று சத்தியம் செய்யும் கடனாளியைக் கூண்டில் ஏற்றிக் கேட்கும் உரிமை பற்றி



நம்மில் பலர் கோர்ட்டுக்குப் போகவே தயங்குகிறோம். போனவர்களிலும் பலர் டிக்ரி வாங்கியதோடு களைத்துவிடுகிறார்கள். மூன்று வருடம் அலைந்து, தீர்ப்பு நகலை வாங்கி மடித்து, கல்லாப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, "ஜெயிச்சாச்சு, ஆனா காசு வரலை" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எல்லா ஊர்ச் சங்கத்திலும் இருப்பார்கள். நானும் அப்படி இருந்தவன்தான். டிக்ரிக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று என் வக்கீல் சொல்லித் தந்ததையும், அதில் நான் பட்டதையும் இங்கே எழுதுகிறேன். எதிராளியின் பெயரும் ஊரும் வேண்டாம். அவரும் நம்மைப் போல ஒரு மளிகைக் கடைக்காரர்தான்.

எனக்குப் பருப்பு மண்டி. துவரை, உளுந்து, கடலைப் பருப்பு என்று பல வருடமாக அவருக்குக் கடனுக்குக் கொடுத்து வந்தேன். "அண்ணாச்சி, திங்கட்கிழமை அனுப்பிடுறேன்" என்பார், அனுப்பியும் விடுவார். 2015-இன் கடைசியில் பாக்கி ரூ. 3,86,400-இல் நின்றது. ஒரு செக் கொடுத்தார், திரும்பி வந்தது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்ற பேச்சை நம்பி அந்தக் கெடுவைக் கோட்டைவிட்டேன். 2016-இல் சிவில் வழக்குத்தான் போட முடிந்தது. 2018 ஆகஸ்டில் வட்டியோடு டிக்ரி ஆயிற்று. அதற்குப் பிறகும் ஒரு வருடம் சும்மா இருந்தேன். பணமாக வரவேண்டிய டிக்ரியை நிறைவேற்ற 12 வருடம் அவகாசம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவகாசம் இருப்பது உண்மைதான். அந்த 12 வருடத்தில் கடனாளியின் சொத்து எத்தனை கை மாறும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

2019-இல் ஈ.பி. என்கிற நிறைவேற்று மனு போட்டோம். அமீனா ஜப்திக்குப் போனார். "கடை என் பேரில் இல்லை" என்று பதில் வந்தது. வெறுங்கையோடு திரும்பினார். அதன்பின் கொரோனா வந்து கோர்ட்டும் இல்லை, வியாபாரமும் இல்லை.

மறுபடி கோர்ட் சீராக நடக்கத் தொடங்கியதும் என் வக்கீல் புதிதாக ஒரு மனு தயாரித்தார். சிவில் நடைமுறைச் சட்டம் 1908-ஆம் வருடத்தது. அதில் 21-ஆவது கட்டளையின் 41-ஆவது விதியைத்தான் நம் வியாபாரிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். டிக்ரிப் பணம் 30 நாளாகியும் வரவில்லை என்றால், "உனக்கு என்னென்ன சொத்து இருக்கிறது என்று சத்தியம் செய்து எழுதிக் கொடு" என்று கடனாளிக்குக் கோர்ட் உத்தரவிடலாம். 1976-இல் செய்த திருத்தத்தில் சேர்ந்த ஏற்பாடு இது. அந்த உத்தரவை மதிக்காதவரை மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் அதே விதி அனுமதிக்கிறது. அதே விதியின் முதல் பகுதி இன்னும் பழையது. கடனாளியையோ, கம்பெனியானால் அதன் அதிகாரியையோ, விஷயம் தெரிந்த வேறு யாரையுமோ கோர்ட்டுக்கு வரவழைத்து, "இவருக்கு யார் யார் பணம் தரவேண்டும், வேறு என்ன வழி இருக்கிறது" என்று வாய்மொழியாக விசாரிக்கலாம். கணக்குப் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்லலாம்.

எங்கள் கடைக்காரர் 2021-இல் அபிடவிட் தாக்கல் செய்தார். ஒன்றரைப் பக்கம். சொந்தமாக வீடு இல்லை, கடை இல்லை, மகன் கடையில் உதவிக்கு இருக்கிறேன், ஒரு சைக்கிள் உண்டு, வங்கியில் ரூ. 1,140 உண்டு என்று எழுதி, நோட்டரி முத்திரையோடு கையெழுத்து. அதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. "இதோடு முடிந்ததா சார்?" என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார். "இதை அவர் எழுதலை, அவர் வக்கீல் எழுதினது. அவரைக் கூண்டுல நிறுத்திக் கேட்டாத்தான் அவர் பேசுவார்" என்றார்.

நாம் மறந்துவிடும் விஷயம் இதுதான். அபிடவிட் என்பது ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து சொன்ன பேச்சு. எதிரே இருந்து யாரும் "அப்படியா?" என்று கேட்கவில்லை. அதனால்தான் அதே சட்டத்தின் 19-ஆவது கட்டளை, 2-ஆவது விதி, மனுக்களில் அபிடவிட்டைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொன்ன கையோடு, எதிர்த் தரப்பு கேட்டால் அபிடவிட் கொடுத்தவரைக் குறுக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கோர்ட் உத்தரவிடலாம் என்றும் சொல்கிறது. கேட்டால்தான் உத்தரவு. நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஒன்றரைப் பக்கம் மறுப்பில்லாமல் ரிக்கார்டில் நிற்கும். (வழக்கு விசாரணையிலேயே முதல் சாட்சியத்தை அபிடவிட்டாகக் கொடுக்கும் முறை 2002-இல் வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட் வரை போனது நம் சேலம் வக்கீல் சங்கம். திருத்தம் நிலைத்துவிட்டது. குறுக்கு விசாரணை உரிமையும் அப்படியே நிற்கிறது.)

எங்கள் மனுவை ஏற்று, கடைக்காரர் நேரில் வரவேண்டும், வங்கிப் புத்தகத்தையும் கடைக் கணக்கையும் கொண்டுவரவேண்டும் என்று உத்தரவு வந்தது. வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்பு வக்கீல் என்னைக் கூப்பிட்டு, "உங்க கடையில அவர் சம்பந்தமா இருக்கிற எல்லாக் காகிதத்தையும் கொண்டுவாங்க. எது வேணும் வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணாதீங்க" என்றார். பேரேடு, ரோக்காக் கட்டு, லாரி ஆபீஸ் ரசீது, அவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோது வைத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டு, அந்தத் திரும்பி வந்த செக்கின் நகல் எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கூண்டில்

2022-இல் ஒரு நாள் காலை விசாரணை. நான் எதிர்பார்த்தது சினிமாவில் வருகிற மாதிரிச் சத்தம். நடந்தது கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற மாதிரி அமைதியாக இருந்தது. கேள்விகள் எல்லாம் ஒரு வரிதான்.

கடை யாருடையது என்று கேட்டார். மகனுடையது என்றார். ஜி.எஸ்.டி. பதிவு எப்போது எடுத்தது? 2017 ஜூலை. அதற்கு முன்பு அதே கடைக்கு வாட் பதிவு யார் பெயரில்? என் பெயரில். 2017 ஜூலையில் மகன் என்ன செய்துகொண்டிருந்தார்? காலேஜில் இரண்டாவது வருஷம். காலையில் கடையைத் திறப்பது யார்? நான்தான். சரக்கு எடுப்பது? நான்தான். வெளிப்பாக்கி வசூல்? அதுவும் நான்தான். மகன் என்ன செய்கிறார்? கொஞ்ச நேரம் யோசித்து, "சாயந்திரம் கம்ப்யூட்டர்ல பில்லு போடுவான்" என்றார். கோர்ட்டில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கு 2016-இல் போட்டது. கடை பெயர் மாறியது 2017-இல். வரி முறை மாறிய சந்தடியில் கடையின் தலையெழுத்தும் மாறியிருக்கிறது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஜி.எஸ்.டி. எண் தெரிந்தால் அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவு யார் பெயரில், எந்தத் தேதியில், எந்த விலாசத்தில் என்பது அதிலேயே இருக்கிறது. நிலம், வீட்டுக்கு வில்லங்கச் சான்றையும் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் துப்பறிய ஆள் வைக்க வேண்டியதில்லை.

நடுவில் கடைக்காரர், "அவங்க அனுப்பின துவரம்பருப்பில பூச்சி விழுந்திருந்தது" என்று ஆரம்பித்தார். நீதிபதி உடனே நிறுத்திவிட்டார். அதையெல்லாம் வழக்கு நடந்தபோது சொல்லியிருக்க வேண்டும். நிறைவேற்றும் கோர்ட் டிக்ரிக்குப் பின்னால் போய்ப் பார்க்காது. கடன் உண்டா இல்லையா என்பது முடிந்த கதை. இப்போது உள்ள கேள்வி, கொடுக்க வழி இருக்கிறதா, இருந்ததா என்பது மட்டும்.

பிறகு வங்கிக் கணக்கு. அபிடவிட்டில் சொன்ன கணக்கைத் தவிர வேறு கணக்கு உண்டா என்று கேட்டார். இல்லை என்றார். எப்போதும் இருந்ததில்லையா? இல்லை. அதே கேள்வியை வேறு விதமாக மூன்றாம் தடவையும் கேட்டார். இவர் ஏன் இதையே சுற்றிச் சுற்றி வருகிறார் என்று எனக்கே அலுப்பாக இருந்தது. அதன்பின்தான் வழக்குக் கட்டிலிருந்து அந்தத் திரும்பிய செக்கை எடுத்துக் காட்டச் சொன்னார். அது வேறு வங்கி. என் சாக்குப்பையில் நகலாகக் கிடந்த காகிதம். அசலை வழக்கிலேயே தாக்கல் செய்திருந்தோம். ஏழு வருடமாக அதை, ஏமாந்ததற்கு அடையாளமாக மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வங்கியின் பெயரும் கணக்கு எண்ணும் அச்சடித்திருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கணக்கின் விவரத்தை வரவழைக்க உத்தரவாயிற்று. அடுத்த வாய்தாவில் அது வந்தது. 2018 நவம்பரில், அதாவது டிக்ரி ஆகி மூன்றாவது மாதம், ஒரு சீட்டுக் கம்பெனியிலிருந்து ரூ. 3,80,000 வரவு. நாலு நாளில் முழுவதும் ரொக்கமாக எடுத்திருந்தார். என்ன செய்தீர்கள் என்றதற்கு, மகள் கல்யாணத்துக்கு என்றார். நான் வக்கீலின் காதில் சொன்னேன்: அந்தக் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன், மொய் எழுதியிருக்கிறேன், அது 2015 தை மாதம். கேள்வி திரும்பியதும் அவர் சொன்னார், கல்யாணத்துக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்கினேன், அதைத்தான் அடைத்தேன், எழுத்து எதுவும் இல்லை.

அது உண்மையாகவும் இருக்கலாம். சொந்தக்காரன் கடனை அடைக்காமல் ஊரில் நடமாட முடியாது என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் கோர்ட் டிக்ரி போட்ட பிறகு கைக்கு வந்த பணத்தில் ஒரு ரூபாய்கூட டிக்ரிக்குக் கட்டவில்லை என்பது அவர் வாயாலேயே ரிக்கார்டில் ஏறிவிட்டது.

என் முறை

இதோடு முடித்திருந்தால் எனக்குப் பெருமையான கதை. எதிர் வக்கீலும் சும்மா இருக்கவில்லை. "மனுதாரரும் அபிடவிட் போட்டிருக்கிறார், அவரையும் நான் குறுக்கு விசாரணை செய்யவேண்டும்" என்று அதே 19-ஆவது கட்டளையைக் காட்டினார். உத்தரவு கிடைத்தது. நான் என்ன எழுதிக் கொடுத்திருந்தேன்? டிக்ரிக்குப் பிறகு ஒரு பைசாகூட வரவில்லை என்று.

கூண்டில் ஏறினேன். உங்கள் கடையில் லைனுக்குப் போகிற பையன் யார் என்று கேட்டார். பெயர் சொன்னேன். 2018 தீபாவளிச் சமயத்தில் அவர் எங்கள் கட்சிக்காரர் கடைக்கு வந்தாரா? தெரியாது என்றேன். நீங்கள் தாக்கல் செய்த பேரேட்டு நகலில் இந்த வரியைப் படியுங்கள் என்றார். இரண்டு தடவையாக மொத்தம் ரூ. 20,000, "பழைய பாக்கி" என்று என் கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில் வரவு இருந்தது. தம்பி வாங்கி வந்திருக்கிறான், நோட்டில் எழுதியிருக்கிறான், கணக்கப்பிள்ளை பேரேட்டில் ஏற்றியிருக்கிறார். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. கணக்கே கடவுள் என்று மண்டியில் பையன்களுக்குப் பாடம் சொல்கிறவன் நான். அன்று வியர்த்து நின்றேன்.

டிக்ரிக்குப் பிறகு கோர்ட்டுக்கு வெளியே பணம் வாங்கினால், வாங்கியவர்தான் அதைக் கோர்ட்டில் பதிவு செய்யவேண்டும். இது 21-ஆவது கட்டளையின் 2-ஆவது விதி. கட்டினவரும் 30 நாளுக்குள் மனுப்போட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. சட்டப்படி பார்த்தால் அவருக்கு அந்த இருபதாயிரம் போனதுதான். ஆனால் தெரிந்தே மறைத்தேன் என்று ஆகியிருந்தால் பொய்ச் சத்தியம் என் கழுத்துக்கு வந்திருக்கும். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் 193-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆவது பிரிவு. கோர்ட்டில் பொய்ச் சாட்சியம் சொன்னால் ஏழு வருடம் வரை போகிற குற்றம். நீதிபதி என்னைப் பார்த்து, "கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் கணக்கை நீங்களே படிக்க மாட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே இருபதாயிரத்தை ஒப்புக்கொண்டு மெமோ தாக்கல் செய்தோம். வக்கீல் சொன்னார், அது எனக்கு நஷ்டமில்லை, லாபம் என்று. பொய் சொல்லாத ஆள் என்று கோர்ட் நினைத்தால் மீதிப் பேச்சும் எடுபடும்.

பிடித்து உள்ளே போடலாமா?

ஈ.பி. போட்டால் கடனாளியைப் பிடித்து உள்ளே போட்டுவிடலாம் என்று நம்மவர்கள் பேசுவதுண்டு. அவ்வளவு சுலபமில்லை. 51-ஆவது பிரிவின்படி, அவர் ஓடிவிடப் பார்க்கிறார், அல்லது சொத்தை ஒளித்தார், அல்லது டிக்ரி தேதிக்குப் பிறகு கொடுக்க வழி இருந்தும் கொடுக்கவில்லை என்பது போன்ற ஒன்றைக் கோர்ட் நம்பவேண்டும். 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவருக்கும் கொச்சி வங்கிக்கும் நடந்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், ஏழ்மை காரணமாகக் கட்ட முடியாதவரைச் சிறைக்கு அனுப்புவது சரியல்ல, வெறும் பாக்கி போதாது, மனதில் கெட்ட எண்ணம் இருக்கவேண்டும் என்று தீர்ப்பெழுதினார். எனக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாகவே படுகிறது. நாளை நமக்கும் மழையில் சரக்கு நனையலாம்.

பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ரூ. 2,000-க்கு மேற்படாத டிக்ரிக்குச் சிறை கிடையாது. சிறையில் இருக்கும் காலத்துச் சாப்பாட்டுச் செலவை டிக்ரி வாங்கியவரே கட்டவேண்டும். இருந்து வெளியே வந்தாலும் கடன் தீராது; ஆனால் அதே டிக்ரிக்கு மறுபடி பிடிக்கவும் முடியாது. ஜப்தியிலும் வரம்பு உண்டு. சமையல் பாத்திரம், படுக்கை, துணிமணி, பெண்கள் சம்பிரதாயப்படி கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கணக்குப் புத்தகங்கள் இவற்றில் கைவைக்கக் கூடாது. கணக்குப் புத்தகத்தை ஜப்தி செய்யமுடியாதே தவிர, விசாரணைக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லலாம்.

ஆகவே கைதானாலும் ஜப்தியானாலும் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் பெரும்பாலும் கடனாளியின் வாயில்தான் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் 2018 நவம்பர் என்ற அந்தத் தேதிதான் எல்லாவற்றையும் மாற்றியது. அது ஆகஸ்டுக்கு முந்தியிருந்தால் இவ்வளவு எடை இருந்திருக்காது.

இப்போது வழக்குப் போடுகிறவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. 2018 மே முதல் ரூ. 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வியாபார வழக்குகள் வணிக நீதிமன்றத்துக்குப் போகின்றன. அவசர உத்தரவு கேட்காத வழக்கானால் முதலில் சமரச மையத்துக்குப் போயாகவேண்டும். இது கட்டாயம் என்று 2022-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2021 ஏப்ரலில் ராகுல் ஷா வழக்கில் அதே கோர்ட், நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கவேண்டும், பண வழக்குகளில் ஆரம்பத்திலேயே பிரதிவாதியிடம் சொத்து விவரத்தைச் சத்தியத்தோடு வாங்கலாம் என்று உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது, கட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நிலத்தகராறு வழக்கில் 2025-இல் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதும் கணக்கெடுக்கச் சொன்னபோது, நிலுவையில் இருந்த நிறைவேற்று மனுக்கள் 8 லட்சத்துக்கு மேல் என்று தெரியவந்தது. அதனால் தீர்ப்பு வரும்வரை காத்திராமல், எதிராளி சொத்தை விற்கிற சாடை தெரிந்த உடனே முன்ஜப்தி கேட்பதைப் பற்றி வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

கைது மனுவில் உத்தரவுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு கடைக்காரர் மகனோடு மண்டிக்கு வந்தார். "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துடுன்னு நாலு பேர் சொல்றாங்க அண்ணாச்சி. எனக்கு மனசு வரலை" என்றார். மகன் தலை குனிந்து நின்றான். அவனைச் சின்னப் பையனாகத் தராசுத் தட்டில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். டீ வரவழைத்தேன். வட்டியில் கொஞ்சம் விட்டு, அந்த இருபதாயிரத்தையும் கழித்து, ரூ. 4,75,000 என்று பேசி முடித்தோம். ஒரு லட்சம் உடனே. மீதிக்கு மாதம் 25,000 வீதம் 15 தவணை. வாய்ப்பேச்சாக விடாமல் இரண்டு வக்கீலும் எழுதிக் கோர்ட்டில் பதிவு செய்தார்கள். தவணை தவறினால் ஈ.பி. அப்படியே நடக்கும் என்ற நிபந்தனையோடு.

இரண்டு தவணை தாமதமாக வந்தது. ஒன்றும் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் அந்தந்த மாதமே கோர்ட்டில் பதிவு செய்தேன். 2024-இல் முழுத் திருப்தி மெமோ தாக்கலாகி ஈ.பி. முடிந்தது. இப்போது மகன்தான் சரக்கெடுக்க வருகிறான், ரொக்கத்துக்கு. அந்தப் பழைய செக் இன்னும் கோர்ட்டுக் கட்டில் இருக்கிறது. மனுப்போட்டால் திருப்பித் தருவார்களாம், நான் போடவில்லை.